தண்ணிக்குள்ள அப்பாவைத் திட்டினேன்

அன்புள்ள கண்ணாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாம இருக்கோம், அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லாத் தூங்கறேன்னு தெரிஞ்சாத்தான் எங்க சுகம் முழுசாகும். போன்ல பேசினா நீ சரிம்மா சரிம்மான்னு சொல்லிட்டு வச்சிடறே, பாதிப் பேச்சு எனக்குத் தொண்டையிலயே நின்னுடுது, அதனாலதான் எழுதறேன், நிதானமா உட்கார்ந்து படி. தையல் கடையில பள்ளிக்கூட யூனிபார்ம் வேலை மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு. அப்பா லாரி ஓட்டறதை விட்டதுலேருந்து வீட்டுல இருப்புக் கொள்ளாம அலையறார், எனக்கு ஒத்தாசை பண்றேன்னு கடையில வந்து உட்கார்ந்து பட்டனைத் தப்பான பக்கத்துல தைச்சு வைக்கறார், அவர் டீ குடிக்கப் போற நேரம் பார்த்து நான் பிரிச்சுத் தைக்கறேன். மாடியில ஒழுகிக்கிட்டு இருந்த இடத்தை ஆள் விட்டுப் பூசியாச்சு. உன் கூடப் படிச்ச எலக்ட்ரீஷியன் பையனுக்குப் பொண்ணு பிறந்திருக்கு, அவன் ஜாடையே, பாவம்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். போன தடவை நீ பேசும்போது நீச்சல் பரீட்சையில மறுபடியும் ஃபெயில் ஆயிட்டேன், பேசாம வேலையை விட்டுட்டு வந்துடறேன்னு சொன்னே. படகுல போய்ப் பாலத்துத் தூணைச் சோதிச்சுப் பார்க்கறவங்க எல்லாரும் ஐம்பது மீட்டர் நீந்திக் காட்டணும்னு உங்க ஆபீஸ்ல சட்டம், கூடச் சேர்ந்தவங்க எல்லாம் படகுல போறாங்க, என்னை மட்டும் மேசையில உட்கார வச்சிட்டாங்கன்னு சொல்லும்போது உனக்குக் குரலே மாறிப்போச்சு. மறைக்க மாட்டேன், நீ வந்துடறேன்னதும் எனக்கு முதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அன்னைக்கே உன் கட்டில் மேல அடுக்கியிருந்த துணி மூட்டையெல்லாம் எடுத்துக் கீழ வச்சுட்டேன். அப்புறம் மெஷின்ல உட்கார்ந்து காலர் தைச்சுக்கிட்டே யோசிச்சேன். எந்தப் பாலத்தைப் பார்த்தாலும் அப்பாவை லாரியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடிக் கீழே எட்டிப் பார்த்த பிள்ளை, ஆசைப்பட்டு வாங்கின வேலையைத் தண்ணிக்குப் பயந்து விட்டுட்டு வந்தா இங்கே உட்கார்ந்து என்ன பண்ணுவான், தினம் உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டுத்தானே இருப்பான்னு தோணுச்சு. மூட்டையை மறுபடி கட்டில் மேலயே வச்சுட்டேன். ஆனா பயப்படாம நீந்துடான்னு உனக்குச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு, எனக்குத் தெரிஞ்ச தண்ணியெல்லாம் பக்கெட் தண்ணிதான். அப்போதான் டவுன் நீச்சல் குளத்துல காலையில பெரிய பொம்பளைங்களுக்குன்னு தனியா வகுப்பு நடக்குதுன்னு மருந்துக் கடையம்மா சொன்னாங்க, போய்ப் பேர் கொடுத்துட்டேன். அப்பா ஒரு நாள் பூரா சிரிச்சார், இந்த வயசுல எந்தக் கடலைத் தாண்டப் போறேன்னு கேட்டார், ஆனா வகுப்பு நாள்ல எனக்கு முன்னாடி எழுந்து துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கறார்.

நீச்சல் உடை வாங்கணும்னு சொன்னாங்க. ஊருக்கே தைச்சுக் கொடுக்கறவ போய் ரெடிமேட் வாங்கினா என் மெஷின் என்னைக் காறித் துப்பாதா, நானே தைச்சுக்கிட்டேன். நல்ல கருநீலத் துணி, முழங்கால் வரைக்கும், முழுக் கை, உள்ளே கனமா லைனிங், ரெண்டு பக்கமும் பாக்கெட். பாக்கெட் எதுக்குன்னு கேட்காதே, கை பழக்கம். போட்டுக்கிட்டுத் தண்ணியில இறங்கினேன் பாரு, லைனிங்குக்குள்ள காத்துப் புகுந்து பின்பக்கம் மூட்டையா எழும்பி நிக்குது, பாக்கெட் ரெண்டும் தண்ணியை ரொப்பிக்கிட்டுக் கீழே இழுக்குது, நான் நடுவுல தலைகீழாகாத குறை. கூட வகுப்புல ஒரு பெரிய டீச்சர் இருக்காங்க, ஒரு பள்ளிக்கூடத்தையே முறைச்சு அடக்கற தலைமையாசிரியை, அவங்க சிரிச்ச சிரிப்புல பிடிச்சிருந்த கம்பியை விட்டுட்டு ஒரு முழுக்குப் போட்டு எழுந்தாங்க. மறுநாள் மானத்தை மூட்டை கட்டி வச்சுட்டு ரெடிமேட் ஒண்ணு வாங்கினேன். உள்ளே திருப்பிப் பார்த்தேன், தையல் சுத்தமாத்தான் இருக்கு, குறை சொல்ல ஒண்ணும் கிடைக்கல, அதுதான் எனக்கு வருத்தம்.

உடை சரியாச்சு, மூச்சு சரியாகல. பயிற்சி கொடுக்கிற பொண்ணு தங்கமானவ, ஆனா அவ எவ்வளவு சொல்லியும் நாலு கை வீச்சுக்கு மேல எனக்குப் போக முடியல, நெஞ்சு முட்டி எழுந்து நின்னுடுவேன். ஏம்மா உதட்டை இப்படிப் பூட்டி வச்சிருக்கீங்க, தலையைத் திருப்பினதும் வாயைத் திறங்கன்னு அவ கத்தறா, நான் திறந்துட்டதாத்தான் நினைக்கறேன், திறக்கவே இல்லையாம். கரையில உட்கார வச்சு ஒரு கண்ணாடியைக் காட்டி, இப்போ நீந்தற மாதிரி நினைச்சுக்கோங்கன்னு சொன்னா. பார்த்தா, வாயோரத்துல குண்டூசியைக் கவ்விக்கிட்டு நிக்கற மாதிரியே இருக்கேன், ஊசிதான் இல்லை. கவனமா ஒரு வேலை செய்யணும்னாலே எனக்கு உதடு தானா இறுகிடுது கண்ணா. வாயில ஊசி இருக்கும்போது ஆன்னு மூச்சு இழுத்தா ஊசி உள்ளே போயிடும், அந்தப் பயத்துலயே இத்தனை வருஷம் தைச்சிருக்கேன். அந்த நிமிஷம்தான் நீ சொன்னது எனக்கு உறைச்சுது, உங்க பயிற்சிக்காரரும் வாயைத் திற வாயைத் திறன்னு கத்தறார், எனக்கு வர மாட்டேங்குதுன்னு நீ சொன்னியே. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் பக்கத்துல உட்கார்ந்து மடிப்புக்கு ஊசி குத்திக் கொடுத்தது யாரு. நானே பயந்து பிடுங்கிப் போட்டாலும் அம்மா மாதிரி வாயிலதான் வச்சுப்பேன்னு அடம் பிடிப்பே, ஊசி வாயில இருக்கும்போது சாப்பிடறியான்னு கேட்டாலும் மூக்காலதான் பதில் வரும். இப்போ வீடியோவுல பேசும்போது கூட ஏதாவது யோசிச்சா உன் உதடு அப்படித்தான் இறுகுது, அப்பாவும் கவனிச்சிருக்கார். நீ கோழையும் இல்லை, உனக்குத் தண்ணி ஆகாதுன்னும் இல்லை. தையல்காரி பிள்ளை, அவ்வளவுதான்.

அதுக்கு அந்தப் பொண்ணு ஒரு வழி சொல்லிக் கொடுத்தா, எனக்குப் பலிச்சது, நீயும் பண்ணிப் பாரு. தண்ணிக்குள்ள முகம் இருக்கும்போது சும்மா இருக்காதே, பேசு. யாருக்கும் கேட்காது, மனசுல இருக்கறதைச் சொல்லுங்கம்மான்னா. நான் அப்பாவைத் திட்டினேன். பட்டனைத் தப்பா தைச்சதுலேருந்து ஆரம்பிச்சு, லாரியில போய் மாசக்கணக்கா வீட்டு வாசல் மிதிக்காம இருந்த காலம் வரைக்கும் போயிட்டேன். பேசப் பேச மூச்சு தானா வெளியே போகுது, தீர்ந்துபோனதும் தலையைத் திருப்பினா வாய் தானாத் திறந்து காத்தை வாங்கிக்குது, அடுத்த திட்டுக்கு வேணுமே. அப்படியே குளத்தோட அகலவாட்டுல அந்தக் கரைக்குப் போய்க் கையைச் சுவர்ல வச்சுட்டேன். திரும்பிப் பார்த்தா அப்பா கூட வந்தவங்க உட்கார்ற பெஞ்சு மேல ஏறி நின்னு துண்டைச் சுத்தறார், எவ்வளவு குமிழி விட்டேன்னு பக்கத்துல இருக்கறவங்ககிட்ட பெருமை வேற. அத்தனையும் அவருக்குத்தான்னு இன்னும் சொல்லல, நீயும் சொல்லிடாதே. எனக்கு அழுகையே வந்துடுச்சு, முகமெல்லாம் தண்ணியா இருந்ததால யாருக்கும் தெரியல.

உங்க ஆபீஸ்ல இன்னொரு வாய்ப்பு இருக்கு, அடுத்த வெள்ளிக்கிழமை காலையிலன்னு சொன்னே, நான் போகலைன்னும் சொன்னே. போ கண்ணா. தண்ணிக்குள்ள உங்க மேலதிகாரியைத் திட்டு, ஆள் போதலைன்னா என்னைத் திட்டு, எனக்கும் கேட்காது. இந்த வீடு எப்பவும் உன் வீடுதான், அந்த வேலை பிடிக்கலைன்னு நீ வந்தா வாரி அணைச்சுப்பேன், முடியலைன்னு வராதே. இந்தத் தடவையும் ஃபெயிலானா அதுக்கடுத்த பரீட்சைக்குப் பேர் கொடு, அதுக்கு வெட்கப்பட்டா எங்க பெரிய டீச்சரை நினைச்சுக்கோ, அவங்க அன்னைக்குச் சிரிச்சு விட்டதோட சரி, இன்னும் கம்பியை விடல, ஒரு வகுப்புக்கும் வராம இருக்கவும் இல்லை.

முந்தின ராத்திரி வயிறு முட்டச் சாப்பிடாதே, நகத்தை வெட்டிக்கோ, கரை ஏறினதும் தலையை நல்லாத் துவட்டு, உனக்கு உடனே சளி பிடிக்கும். அப்பா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், அவன் நீந்தாட்டியும் என் பிள்ளைதான்னு எழுதச் சொன்னார், எழுதிட்டேன். நீ தீர்க்காயுசா, மனசு நிறைஞ்சு நல்லா இருக்கணும். ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், அடுத்த வெள்ளிக்கிழமை காலையிலதான் எங்களையும் முதல் முதலா ஆழமான பக்கம் இறக்கப் போறாங்களாம். நீ அங்கே இறங்கற நேரத்துக்கு நானும் இங்கே கால் எட்டாத தண்ணியிலதான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன்னையே நினைச்சுக்கிட்டு இருக்கற
அம்மா