தட்டோடு வராத பத்திரிகை

செவ்வாய், ஆவணி 3

காலையிலிருந்து புழுக்கம். ஒரு இலை அசையவில்லை. லாரித் தண்ணீர் மதியத்துக்கு மேல்தான் வந்தது, அதுவும் பாதித் தொட்டி.

வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, தைலம், பாத்ரூம் பல்பு.

திருச்செந்தூர் படங்கள் இன்றோடு தீர்ந்தன. ஊரிலிருந்து திரும்பி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. தினம் ரெண்டு மூணாகப் பிய்த்துப் பிய்த்து ஸ்டேட்டஸில் வைத்தேன். நித்யா சொன்ன யோசனை. "எல்லாத்தையும் ஒரே நாள்ல போட்டா யாரும் பார்க்க மாட்டாங்கம்மா." என் மகள் வேலப்பன்சாவடி காலேஜில் வேறு என்ன படிக்கிறாளோ, இது நன்றாகத் தெரிகிறது.

சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை. மல்லிகா அக்கா மகள் சுதாவுக்கு. இந்த மாசம் 22, ஞாயிறு. கூட ஒரு வார்த்தை இல்லை. கும்பிடுகிற கை ஒன்று, அவ்வளவுதான்.

ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். சுதாவைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியதே நான்தான். அந்தப் பெண் கல்யாணத்துக்கு எனக்கு வாட்ஸ்அப்பில் பத்திரிகை!

ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

புதன், ஆவணி 4

தூக்கமில்லை. தலைவலி. தைலம் வாங்க மறந்தாயிற்று.

அவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அதான் அனுப்பிட்டாங்கல்ல? போய்ட்டு வா."

இவருக்கு என்ன தெரியும். குவார்ட்டர்ஸில் காது குத்துக்குக்கூட வெறும் வாயால் சொல்ல மாட்டோம். தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. வீட்டுக்குள் வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீராவது குடித்துவிட்டுப் போக வேண்டும். ஆவடி கோவில்பதாகையில் இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது வீடு வீடாக எனக்குத் துணைக்கு வந்தவள் அவள். வெயிலில் செருப்பு அறுந்து, ஒரு காலில் நடந்தாள். முறை தெரியாதவள் இல்லை. தெரிந்தவள் செய்கிறாள் என்றால் என்ன அர்த்தம்?

நான் போகப் போவதில்லை. மொய்யை நித்யாவிடம் கொடுத்து அனுப்பலாம். அதுகூட எதற்கு, அதையும் போனிலேயே அனுப்பலாம். சரிக்குச் சரி.

மதியம் ம. அக்கா ஸ்டேட்டஸ்: முகூர்த்தப் புடவை, அரக்கு நிறம், பெரிய பார்டர். நன்றாக இருக்கிறது. சொல்லவில்லை. என் ஸ்டேட்டஸையும் முதல் ஆளாக அவள்தான் பார்க்கிறாள், தினமும். பார்த்தவர் வரிசையில் அவள் பெயர் இல்லாத நாளே இல்லை. பார்க்கிறாள், பார்க்கிறேன். பேச்சு எங்கே?

முன்பெல்லாம் கரண்டியால் சுவரில் ரெண்டு தட்டு தட்டினால் பின்வாசலுக்கு வந்துவிடுவாள். இங்கே தட்டினால் பக்கத்து ஃப்ளாட் ஐ.டி. பையன் வந்து, "ஆண்ட்டி, டிரில்லிங்கா?" என்று கேட்பான்.

வெள்ளி, ஆவணி 6

மாவு புளிக்கவில்லை. புழுக்கம் இவ்வளவு இருந்தும் புளிக்கவில்லை, என்ன கண்றாவியோ. உப்புமா.

காலையில் அவள் ஸ்டேட்டஸ். வாடின ரோஜா, மேலே எழுத்து: 'பழகின பாசமெல்லாம் ஒரு கட்டைவிரலோடு முடிந்துவிட்டது.'

எனக்குத்தான். வேறு யாருக்கு?

குக்கரை அணைத்துவிட்டு உட்கார்ந்து தேடி, குத்துவிளக்குப் படம் ஒன்று எடுத்து, அதன் மேல் அடித்தேன்: 'வாசல் வரை வராத அழைப்புக்கு வாழ்த்து எதற்கு?' போட்டு முடிக்கவில்லை, பார்த்துவிட்டாள்.

மதியம் அவளுடையது: 'காரணம் கேட்காமல் கோபப்படுகிறவர்கள் நமக்கானவர்கள் இல்லை.' சூரிய அஸ்தமனம்.

நான்: 'காரணம் சொல்ல வாய் இருக்கிறது.' முருகன் படம். முருகனை இதற்கு இழுத்திருக்க வேண்டாம்.

நித்யா சாயங்காலம் வந்து, பையைக்கூட இறக்காமல் கத்தினாள். "அம்மா, ரெண்டு பேரும் ஸ்டேட்டஸ்லயா சண்டை போடுறீங்க? என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் பார்க்கிறாங்க. மானம் போகுது."

"அவதான் முதல்ல ஆரம்பிச்சா."

"எல்.கே.ஜி. புள்ளைங்க மாதிரி! ஒரு போன் பண்ணிக் கேட்டா என்ன?"

குருமாவுக்குத் தேங்காய் துருவினேன்.

சனி, ஆவணி 7

சாயங்காலம் நல்ல மழை, இடி. கரண்ட் போய் வந்து போய் வந்து. கொடியில் இருந்தது முழுக்க நனைந்தது. ஞாபகம் வைக்க: அவருக்கு மாத்திரை.

போன் பண்ணலாம் என்று எடுத்தேன். பழைய அழைப்புகளைத் தள்ளிக்கொண்டே போனேன். கேஸ்காரன், நித்யா, பேங்க் லோன் தரேன் என்கிறவன், நித்யா, அவர், கேஸ்காரன். அவள் பெயர் வரவே இல்லை. கை வலித்தது, விட்டுவிட்டேன். அவள் என்ன சமைத்தாள், எந்தக் கோயிலுக்குப் போனாள், எந்தக் கடையில் புடவை எடுத்தாள் எல்லாம் எனக்குத் தெரியும். குரல் கேட்டுத்தான் வருஷமாகிறது.

பெயரை எடுத்து வைத்துக்கொண்டு அழுத்தவில்லை. பயமாக இருந்தது. யாரோ மாதிரி "சொல்லுங்க" என்று எடுத்துவிட்டால்? அதோடு முடிந்தது என்று ஆகிவிடும். எனக்கென்று இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

சண்டைதான் என்றால் அதையாவது நேரில் போடுவோம். நாளை போகிறேன்.

ஞாயிறு, ஆவணி 8

வெயில் சுள்ளென்று. கால் இரண்டும் கழன்று விழுகிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

ரயிலில் பெட்டி முழுக்கக் குனிந்த தலைகள். நானும் குனிந்துதான் இருந்தேன், என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை. திருநின்றவூரில் இறங்கி, அவள் வீட்டு கேட்டைத் தட்டினேன். இரண்டு கையிலும் மாவோடு வந்து நின்றாள். முட்டியில் பெல்ட்.

"வாங்க," என்றாள்.

அந்த 'ங்க' இருக்கிறதே. ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்தது. எனக்கு எப்போதும் "வாடி"தான். வாசலிலேயே அழுதுவிட்டேன், வெட்கம் கெட்டு.

"ஏன்க்கா எனக்கு நேர்ல வந்து பத்திரிகை வைக்கல? நான் யாரோவா?"

"நீங்கதான் ஊர்லயே இல்லையே."

"நான் எங்க போனேன்?"

"திருச்செந்தூர்." உள்ளே போனாள், நொண்டி நொண்டி. சாமி அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்து வந்தாள். காய்ந்து சுருண்ட வெற்றிலை. பத்திரிகை. 'திருமதி வசந்தி குடும்பத்தினர்' என்று அவள் கோழிக்கிறுக்கல். நாலு மூலையிலும் மஞ்சள்.

"முதல் பத்திரிகை சாமிக்கு. ரெண்டாவது உனக்கு. பத்திரிகை அனுப்புறதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை இந்த முட்டியைத் தூக்கிக்கிட்டு ஆவடி வரைக்கும் வந்தேன். ஸ்டேஷன்ல உட்கார்ந்து, வீட்ல இருக்கியான்னு உன் ஸ்டேட்டஸைப் பார்த்தா, நீ கடல்ல கால் நனைச்சுக்கிட்டு நிக்கிற. அப்படியே திரும்பிட்டேன்."

"அது பழைய படம்க்கா! நான் வந்து அஞ்சாறு நாள் ஆச்சு அப்போ. வீட்லதான் பருப்பு களைஞ்சுக்கிட்டு இருந்தேன்."

"அது எனக்கு எப்படிடி தெரியும்? மறுநாளும் கடல். அதுக்கு மறுநாளும் கோபுரம். என்ன, அங்கேயே குடி போயிட்டாளான்னு நினைச்சேன். நாள் நெருங்குது, சரி, அனுப்பி வைப்போம், பார்த்ததும் பதறிப் போய்ப் பேசுவான்னு அனுப்பினா, நீ கட்டைவிரலைக் காட்டுற!"

"ஸ்டேஷன்லேர்ந்து ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல."

"கோயிலுக்குப் போன இடத்துல எதுக்குத் தொந்தரவுன்னு விட்டேன். நீ பண்ணியிருக்கலாம்ல?"

தட்டைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அப்புறம் காபி. அங்கேதான் கஷ்டமாகிவிட்டது. நித்யா பரிசு வாங்கியதைச் சொல்ல வந்தேன். "பார்த்தேன்," என்றாள். அவள் புடவை எடுத்த கதையை ஆரம்பித்தாள். "பார்த்தேன்க்கா," என்றேன். இப்படியே நாலைந்து. சொல்ல வந்ததெல்லாம் பார்த்ததாகவே இருந்தது. முன்பு ஒரு ஊறுகாய்ப் பானை உடைந்ததை ஒரு மத்தியானம் முழுக்கப் பேசியவர்கள் நாங்கள்.

நான்தான் கேட்டேன். "ஸ்டேட்டஸ்ல வைக்காதது என்னக்கா இருக்கு?"

தம்ளரைக் கீழே வைத்தாள். முட்டிக்கு ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்களாம். கல்யாணம் முடியட்டும் என்று வீட்டில்கூடச் சொல்லவில்லை. சுதா கல்யாணமானதும் வெளிநாடு. "அப்புறம் இந்த வீட்ல நானும் அவரும் டிவியும்தான். ராத்திரியெல்லாம் அதுதான் நினைப்பு. இதை எந்தப் படத்துல எழுதி வைக்கிறது?" என்றாள். கையைப் பிடித்துக்கொண்டேன். காய்ந்த மாவு.

கிளம்பும்போது தட்டிலிருந்த பத்திரிகையை எடுக்கப் போனேன். பட்டென்று கையில் ஒரு அடி.

"என் வீட்ல வச்சு உனக்குப் பத்திரிகை கொடுக்கிறதா? முறையா அது? இரு, புடவை மாத்திக்கிட்டு வரேன்."

"இந்த முட்டியோடவா? வேணாம்க்கா. நான் வந்துடறேன், சத்தியமா."

"வாயை மூடு."

புது வெற்றிலை வைத்து, தட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேவிட்டாள். ஆவடியில் படிக்கட்டில் ஒவ்வொரு படியாக. என் தோளில் அவள் கனம் முழுக்க. பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள், போகட்டும். ஷேர் ஆட்டோவில் ஏற முடியாமல் திணறினாள். டிரைவர், "இன்னா ஆயா, கால் வலியோட எங்க கெளம்பிக்கீற?" என்றான். "பத்திரிகை வைக்கப் போறேன்பா." "யாருக்கு?" என்னைக் காட்டினாள். அவன் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "பக்கத்துலயே கீறாங்க, இங்கயே குட்த்துட்டு எறங்கு!"

வீட்டு வாசலில் என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தச் சொன்னாள். சாத்தினேன். பெல் அடித்தது. திறந்தேன். தட்டை ஏந்திக்கொண்டு, மூச்சு வாங்க, முன்பின் பார்க்காதவள் மாதிரி நின்றாள்.

"சுதாவுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். குடும்பத்தோட முன்னாடி நாளே வந்து நடத்திக் கொடுக்கணும்."

அவர் சட்டையைத் தேடி ஓடினார். நித்யா சிரித்துச் சிரித்துச் சோபாவில் விழுந்தாள். தண்ணீர் கொடுத்தேன், முழுசாகக் குடித்தாள்.

இருட்டுவதற்குள் ரயிலேற்றிவிட்டு வந்தேன். பாத்திரம் அப்படியே கிடக்கிறது. போய்ச் சேர்ந்தாளா தெரியவில்லை. கை தானாக ஸ்டேட்டஸைத் திறக்கப் போனது. மூடிவிட்டு, பெயரை அழுத்தினேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அந்த முட்டியோடு எழுந்து வர வேண்டுமே. வைத்துவிடலாம் என்று நினைக்கும்போது எடுத்தாள்.

"என்னடி, அதுக்குள்ள?"