உனக்குக் கோட்டுப் போட்டுவிட்டார்கள்

மச்சான்,

பாரிஸ் லாச்சப்பலில் மரக்கறிக் கடைக் கண்ணாடியில் உன் நினைவஞ்சலிப் படம் ஒட்டியிருக்கிறது. பசை இன்னும் காயவில்லை, கிட்டப் போனால் மணக்கிறது. உன் இசைத்தட்டின் அட்டையில் இருந்த அதே முகம்தான். கழுத்துக்குக் கீழேதான் நீ இல்லை. கண்ணீர் அஞ்சலி நோட்டீசுகளில் செத்தவர்களுக்குக் கம்பியூட்டரில் கோட்டும் கழுத்துக்கு ரையும் மாட்டிவிடுவார்களே, உனக்கும் மாட்டிவிட்டார்கள். ஈர ஏப்ரனும் கிற்றாருமாக நீ நின்ற படம் அது.

அந்தப் படத்தை எடுத்தது நான்தான், நாம் கோப்பை கழுவிய றெஸ்ரோறன்டின் பின்வாசலில். இசைத்தட்டுக்குப் 'பின்கதவு' என்று நீ பெயர் வைத்ததும் அன்றைக்குத்தான். புறநகரில், ஓல்னேயில் ஒரு கராஜுக்குள் நீ பாட, நான் டிரம்ஸ் அடிக்க, பதிந்தோம். லாச்சப்பலில் ஒரு கடைக்காரனும் அதை வாங்கி வைக்கவில்லை. கோப்பை கழுவுகிற கதையை எவன் கேட்பான் என்றார்கள். பிறகு சார்செல் புறநகரில் வளர்ந்த பிள்ளைகள், தமிழ் பாதி விளங்காத பிள்ளைகள், அதைக் கைமாற்றிக் கைமாற்றிக் கேட்டார்கள். பிரெஞ்சு வானொலி உன்னைக் கூப்பிட்டது. உடனே அதே கடைக்காரர்களுக்கு நீ 'எங்கட பெடியன்' ஆகிவிட்டாய். நீ சிரித்தாய். எனக்கு அன்றைக்கே சிரிப்பு வரவில்லை.

இப்போது அந்த இசைத்தட்டு எங்கும் கிடைப்பதில்லை. அது மறுபடி வரவேண்டும் என்று, நீ போனதிலிருந்து உன் மகள் படியேறாத இடமில்லை. கடைசியில் வெளியிட முன்வந்தவர் யார் தெரியுமா? நம் பழைய முதலாளி. கொன்றோல்காரர் சோதனைக்கு வந்தால், விசா காட் இல்லாத நம்மை இறைச்சிக் குளிரறைக்குள் தள்ளிப் பூட்டிய அதே மனிதர். ஆட்டுத் தொடைகளுக்கு நடுவே நின்று நீ என் கைகளைத் தேய்த்துச் சூடாக்கினாய். வெளியே அவர் அதிகாரிகளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். உன் மூன்றாவது பாட்டு அதுதானே.

போன ஞாயிறு மகளையும் என்னையும் தன் றெஸ்ரோறன்டுக்குக் கூப்பிட்டிருந்தார். எனக்குப் பொன்னாடை போர்த்தினார். தோளில் பல்லி விழுந்த மாதிரி இருந்தது. உன்னை மண்ணின் குரல் என்றார், தன் கூடப்பிறக்காத தம்பி என்றார், கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். அதெல்லாம் முடிந்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். அந்த மூன்றாவது பாட்டை மட்டும் எடுத்துவிட வேண்டுமாம்.

"செத்த ஆளின்ர பெயர் கெடக்கூடாது பிள்ளை. நல்ல பாட்டுகள் மட்டும் இருக்கட்டும்."

தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை அவள், உனக்குத் தெரியும். அன்றைக்கு ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தமிழிலேயே சொன்னாள்.

"அப்பாவை முழுசாப் போடுங்கோ. இல்லாட்டி விடுங்கோ."

தம்பியும் மண்ணும் கண்ணீரும் அவர் முகத்திலிருந்து அப்படியே வழிந்து போயின. அப்படியென்றால் வெளியீடே இல்லை என்று எழும்பிப் போய்விட்டார். ஏப்ரன் கட்டியவனைத் தொட விருப்பமில்லை, அவன் புகழ் மட்டும் வேண்டும். பொன்னாடையைக் கதிரையிலேயே போட்டுவிட்டு வந்தேன்.

ரெயினில் அவள் அழுதாள். கிடைத்த ஒரே வழியை நானே அடைத்துவிட்டேனா என்று கேட்டாள். முழங்காலில் அந்தப் பாட்டின் தாளத்தைத் தட்டினேன். பதியும்போது என்னை நிற்பாட்டிச் சொன்னாயே, "மெதுவா அடி மச்சான், களைச்சவன் வேலையால வாற மாதிரி" என்று, அந்த நடை இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை. எதிரில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு பாடத் தொடங்கினாள். குளிரறை, பூட்டு, அந்த முதலாளியின் பெயர், ஒரு சொல் விடாமல்.