வெங்காயக் கொட்டிலில் இருந்தவன்

அன்புள்ள அக்கா,

முகம் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருப்பதால் எழுதுகிறேன்.

நேற்றுப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய், "அக்காவின்ரை பெடியன் எங்கை?" என்று கேட்டபோது, "பெரியம்மா வீட்டை போயிட்டான்" என்றது நான்தான். வெங்காயக் கொட்டிலில் அவனை ஒளித்து வைத்திருந்தோம்.

குண்டு போடும் பொம்மர் வானில் இரைந்ததும் எல்லோரும் பங்கர்க் குழிக்குள் ஓடினோம். அவன் கொட்டிலில் திரும்பியும் பார்க்காமல் விளையாடிக்கொண்டிருந்தான். நீங்கள்தான் தூக்கி வந்தீர்கள்.

"பெரியம்மா வீடு கிட்டத்தானோ, பிள்ளை?" என்று அந்த மனுசி சிரித்தார்.

ஊரார் பிள்ளைகளின் பின்னால் நின்று கிலுக்கு ஆட்டி, சத்தம் கேட்டுத் திரும்புகிறார்களா என்று பார்ப்பது என் வேலை. "முதலிலை உன்ரை கலியாணம் முடியட்டும்" என்று அவனுடைய காதைச் சோதிப்பதை நீங்கள் தள்ளிப்போட்டபோது வாய் திறக்காமல் இருந்தேன். அவனைப் போலக் காது கேளாத, அவன் வயதுப் பிள்ளைகள் என் வகுப்பில் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

திங்கட்கிழமை அவனை என் வகுப்புக்குக் கூட்டி வாருங்கள். யார் கேட்டாலும் என் அக்காவின் பிள்ளை, என் பெறாமகன் என்றே சொல்வேன். சம்பந்தம் குழம்பினால் குழம்பட்டும்.

உங்கள் தங்கை