ஊதாமல் ஊட்டு

ஜாய்சன்,

நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து ஈவ்லின் பாப்பா பக்கத்துல அசந்து தூங்கற. எழுப்ப மனசு வரல. எனக்கு டிரெய்னுக்கு நேரமாச்சு.

ஃபிரிட்ஜ்ல சின்ன எவர்சில்வர் கிண்ணத்துல கேரட்டும் பருப்பும் போட்டுக் குழைச்ச சாதம் இருக்கு. நேரா அடுப்புல வைக்காதே, அடிப்பிடிச்சிடும். வாணலில தண்ணி கொதிச்சதும் அடுப்பை அணைச்சிட்டு, கிண்ணத்தை அதுக்குள்ள வச்சுக் கிளறிக்கிட்டே இரு. இல்லேன்னா ஓரம் சுடும், நடுவுல ஜில்லுன்னு கிடக்கும். மணிக்கட்டுல ஒரு சொட்டு வச்சுப் பாரு. அவ மீதி வச்சா மறுபடி சுட வைக்காதே, கொட்டிடு.

முக்கியமா, வாயால ஊதாதே. எச்சில் படும். நேத்து அதுக்குத்தான் கத்தினேன். நீ ஊதி ஊதி ஊட்டி, அவ சாப்பாட்டுக்கே 'ஊ'ன்னு பேர் வச்சிட்டா.

சாவி ஷூ ஸ்டாண்டு மேல இருக்கு.

– ஜெரூஷா

பி.கு: கிளம்பும்போது ஈவ்லின் முழிச்சிட்டா. கிண்ணம், ஸ்பூன் எதுவும் அவ கண்ணுல படல. தூங்கற உன் கன்னத்தைத் தொட்டு 'ஊ'ன்னா. தட்டிக் குடுத்ததும் தூங்கிட்டா.

அது சாப்பாட்டோட பேர் இல்ல, ஜாய்சன். உன் பேரு.

சரி, முதல் வாய் மட்டும் ஊதிக் குடு.