கிள்ளான் சாலை வீடு

பிரிக்பீல்ட்ஸ், 11 ஆகஸ்டு 1934, சனி இரவு.

கிள்ளான் சாலையோரம் விலைக்கு வந்திருக்கும் வீட்டை நானும் மரகதமும் இன்று பார்த்துவிட்டு வந்தோம். கால் வலி இன்னும் விடவில்லை. பலகை வீடுதான், ஆனால் உறுதியானது. கிணற்றில் நல்ல தண்ணீர். எனக்கு இந்த மாதத்தோடு ரயில்வே வேலை முடிகிறது. ரயில்வே குவார்ட்டர்ஸை மாதக் கடைசியில் காலி செய்தாக வேண்டும். வேறு வீடு அகப்படவில்லை.

வாசலை ஒட்டியே ரப்பர் ஏற்றிய லோரிகள் போகின்றன. காப்பி வருவதற்குள் வீட்டுக்காரரும் அவர் மனைவியும் மாறி மாறிக் கத்திக்கொண்டார்கள். சண்டை என்று நினைத்து நான் எழுந்தேவிட்டேன்.

"சீனி எவ்ளோ போடறதுன்னு கேக்கறா, சார்" என்று என்னிடமும் கத்தினார். "லோரி சத்தம். உங்களுக்கும் பழகிடும்."

அப்போது சாலையில் ஒரு லோரிகூட இல்லை.

நாளை வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். வேறு போக்கிடம் ஏது, வாங்கித்தான் ஆக வேண்டும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

உள்ளறையிலிருந்து மரகதம், "விளக்க அணைச்சிட்டு வந்து படுங்களேன்" என்கிறாள், தனக்குத்தானே மெல்லச் சொல்லிக்கொள்வதுபோல. இங்கே எனக்குக் கேட்கிறது.