சம்பந்தி கேட்ட சாக்ஸபோன்

யாழ்ப்பாணம்
14.02.2025

அன்புள்ள தம்பி சுபாஸ்கரனுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வீட்டில் நாலு பேர் வாசிப்பார்கள், அதனால்தான் கடிதம்.

உன்னுடைய சாக்ஸபோன் இசையைத்தான் புடவைக்கடையில் போட்டுவிடுகிறேன். சினிமாப் பாட்டுக்கு அவசரப்படுகிற சனம், உன் மெல்லிய ஜாஸைக் கேட்டால் ஆறுதலாக நின்று இன்னும் இரண்டு சேலை விரிக்கச் சொல்கிறது. வியாபாரியாகச் சொல்கிறேன், நீ கெட்டிக்காரன்.

மகள் கீர்த்திகாவுக்குக் கோப்பாயில் சம்பந்தம் சரிவந்துவிட்டது. மாப்பிள்ளையின் தகப்பன் கனகலிங்கம் கடைக்கு வந்தார். “நல்லாயிருக்கு, உது ஆர் ஊதிறது?” என்று கேட்டார். “ஆரோ வெள்ளைக்காரன்” என்று சொல்லிவிட்டேன். நீ லண்டனில் கணக்காளர் என்று முன்னமே சொல்லியிருந்தேன். குழல் ஊதுகிறவனின் குடும்பம் என்று ஒதுங்கிவிடுவார்களோ என்று பயம். எங்கள் ஊரின் சாதிப் புத்தி உனக்குத் தெரியும்தானே.

ஆவணியில் கலியாணம். கட்டாயம் வா. சாக்ஸபோனை மட்டும் விட்டுவிட்டு வா.

அண்ணை,
இராசநாயகம்

லண்டன்
20.03.2025

அன்புள்ள அண்ணைக்கு,

வெள்ளைக்காரன் எழுதிக்கொள்வது.

இங்கே வந்த புதிதில் பகலில் உணவகத்தில் கோப்பை கழுவி, பின்னேரத்தில் சாக்ஸபோன் பழகினேன். ஹோட்டல்களிலும் கப்பலிலும், சாப்பிடுகிறவர்கள் நிமிர்ந்தும் பார்க்காத மூலைகளில் வாசித்தேன். இப்போதுதான் வானொலியில் போடுகிறார்கள். அறிவிப்பாளனுக்கு என் பெயர் வாயில் நுழையாது. ஆனாலும் திக்கித் திக்கி முழுதாகச் சொல்லிவிடுவான்.

கீர்த்திகாவின் கலியாணத்துக்கென்று ஒரு மெட்டுச் செய்து வைத்திருந்தேன். கணக்காளருக்கு அதை வாசிக்கத் தெரியாது. அதனால் அவர் வரவில்லை. பிள்ளைக்கு என் ஆசி.

சுபா

யாழ்ப்பாணம்
08.09.2025

தம்பிக்கு,

கலியாணம் ஒரு குறையுமில்லாமல் நடந்தது. சாப்பாட்டில் கனகலிங்கம் பக்கத்தில் இருந்தார்.

“லண்டன் தம்பி வரேல்லையோ?”

“லீவு கிடைக்கேல்லை.”

“வந்து வாசிப்பார் எண்டெல்லோ என்ரை பெடியன் பாத்துக்கொண்டிருந்தவன். யூடியூப்பிலை படம் கிடக்கு. பேரைப் பாக்கத் தேவையில்லை, உங்கடை மூக்குத்தானே அது” என்றார். பிறகு பாயசம் கொண்டுவந்தவனைக் கூப்பிட்டார். எனக்கு இலையை மடிக்கவும் கை வரவில்லை.

கனடாவில் இருந்து வந்தவர்கள் எல்லாரும் மேடையேறிப் படம் எடுத்தார்கள். தன் பக்கத்தில் சித்தப்பாவின் இடத்தில் ஆரும் நிற்கவேண்டாம் என்று கீர்த்திகா மறித்துவிட்டாள்.

அந்த மெட்டை அவளுக்கு அனுப்புவாயோ? எனக்கு வேண்டாம், அவளுக்கு.

இப்போதும் கடையில் நீதான் வாசிக்கிறாய். யாராவது கேட்டுக்கொண்டு நின்றால், “என்ரை தம்பி” என்று சொல்லக் கிட்டப் போகிறேன். அவர்கள் சேலையின் விலையைத்தான் கேட்கிறார்கள்.

அண்ணை