பதினோராவது பெயர்

செப்டம்பர் 7, ஞாயிறு

காலையில் மழை. எட்டரைக்கு விட்டது. குடை, தண்ணீர் போத்தல், துண்டறிக்கை நாற்பது. முட்டிக்குத் தைலம் எடுக்க மறந்தேன்.

வீட்டிலிருந்து இரண்டு அடுக்குமாடி புளோக் தள்ளி, செங்காங்கிலேயே வீட்டுச் சந்திப்பு. நானும் ஜமீலாக்காவும். கட்சிக்காகப் பதினேழு வருடம் கதவு தட்டிய ஜோடி. லிஃப்டில் உச்சி மாடிக்குப் போய், படியிறங்கிக்கொண்டே வீடு வீடாக வருவோம். தமிழ், மலாய் வீடுகளில் அக்கா பேசுவார். சீனர் வீட்டில் என் பத்து வாக்கிய மாண்டரின்.

இன்று எந்தக் கதவைத் தட்டினாலும் ஒரே கேள்வி. அடுத்த ஞாயிறு தலைவர் தேர்தலில் யார் வருவார், பெரியவரா சின்னவரா? பின்னாளில் படித்தால் எனக்கே புரிய வேண்டும் என்பதற்காக எழுதி வைக்கிறேன். பெரியவர் வக்கீல். அறுபத்தெட்டு வயது. மூன்று பொதுத்தேர்தலில் நின்று மூன்றிலும் தோற்றவர். சின்னவருக்கு நாற்பது ஆகவில்லை. பேசினால் கூட்டம் நின்று கேட்கும். ஓட்டு எங்களைப் போன்ற பழைய உறுப்பினர்களுக்கு மட்டும்தான். சண்டை மட்டும் எல்லார் வீட்டிலும்.

ஒன்பதாம் மாடியில் ஒரு கணவர்: "பெரியவர் மறுபடி நின்னா என் ஓட்டு கிடையாது." உள்ளேயிருந்து மனைவி: "அந்தப் பையன் நின்னா என் ஓட்டு கிடையாது!" துண்டறிக்கையை வாங்கிக்கொண்டார்கள். ஒன்று போதுமா என்று கேட்க நினைத்தேன்.

ஏழாம் மாடியில் ஒரு அங்கிள், "நீங்க ரெண்டு பேரும் யார் பக்கம்?" என்றார். நான் "சின்னவர்" என்றேன். அதே நொடியில் அக்கா "பெரியவர்" என்றார். அங்கிள் சிரித்துவிட்டார். "முதல்ல நீங்க பேசி முடிச்சிட்டு வாங்க லா."

ஐந்தாம் மாடிப் படிக்கட்டில் பேசி முடித்தோம். அதாவது, எல்லாவற்றையும் முடித்துக்கொண்டோம்.

அக்கா: "நேத்து வந்த பையனுக்காக நீ ஏன்டி இப்படித் துடிக்கிற?"

நான்: "எத்தன தடவ தோத்தா போதும்க்கா உங்களுக்கு?"

அக்கா: "என் வீட்டுக்காரர் மவுத்தான அன்னிக்கு பெரியவர் வந்து ராத்திரி வரைக்கும் நாற்காலி எடுத்துப் போட்டுக்கிட்டு நின்னாரு. உன் சின்னவருக்கு என் பேர் தெரியுமா?"

நான் சொன்னது: "நாற்காலி போட்டதுக்கெல்லாம் தலைவர் பதவியா?"

அக்கா முன்னால் படியிறங்கினார். நாலாம் மாடி, மூன்றாம் மாடி, எல்லா வீட்டிலும் சிரித்துப் பேசினார். கீழே வந்ததும் என் கையில் மீதித் துண்டறிக்கையைக் கொடுத்துவிட்டு எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கம் நடந்தார். வழக்கமாகக் கோப்பிக் கடையில் உட்காருவோம். அவருக்குப் பால் இல்லாத தே ஓ, எனக்குக் கோப்பி. இன்று இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

வெயில். நான் வேலை பார்க்கும் கிளினிக்கில் கூட்டம். பாதி பேருக்கு இருமல், மீதிப் பேருக்கு வேலைக்கு லீவு போட எம்சி.

மதியம் தேக்கா சந்தைக்குப் போனேன். கீரை, பச்சை மிளகாய், வீட்டுக்காரருக்கு வாழைக்காய். தோசைக் கடை வரிசையில் முன்னால் இரண்டு பேர்.

"கட்சி உடையப் போகுதாம்."

"உடையறதுக்கு என்ன இருக்கு அங்க?"

வாய் துறுதுறுத்தது. கிளினிக் சட்டையில் நின்றதால் அடக்கிக்கொண்டேன்.

வாட்சப்பில் கிளைக் குழு ஒரே ரகளை. எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் பெரியவர் தூங்குவது போன்ற படம் போட்டார். நானும் சிரிப்பு முகம் போட்டேன். போட்டு ஐந்து நிமிடத்தில், ஜமீலா குழுவிலிருந்து வெளியேறினார் என்று ஒரு வரி வந்தது. சிரிப்பு முகத்தை அழித்தேன். பார்த்துவிட்டுத்தான் போயிருப்பார்.

போன் பண்ணலாம். பண்ணவில்லை. அவர் பண்ணட்டும், மூத்தவர்தானே.

செப்டம்பர் 10, புதன்

தலைவர் தேர்தல் நடக்கும் மாநாட்டின் நேரம் மாறிவிட்டது. மண்டபத்தில் மதியம் வேறு நிகழ்ச்சியாம். இரண்டு மணிக்கு இல்லை, காலை பத்து மணி. கிளைச் செயலாளர் லிம் எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். மின்னஞ்சல் பார்க்காத தமிழ் உறுப்பினர்கள் பதினோரு பேர். அவர்களுக்குப் போன் செய்வது என் வேலை. எந்த மாநாடானாலும் அந்தப் பட்டியல் என்னிடம்தான் வரும்.

எனக்கு ஒரு பழக்கம். முதலில் டிக், பிறகு போன். பேசிவிட்டுப் போட்டால் யாரைக் கூப்பிட்டேன் என்று குழம்பும். ஒருவர் எடுக்காவிட்டால் எடுக்கும் வரை விடமாட்டேன், அதனால் போட்ட டிக் ஒருநாளும் பொய்யானதில்லை.

ஜமீலாக்கா பதினோராவது. வேண்டுமென்றே கடைசியில் வைப்பேன். ஆரம்பித்தால் முக்கால் மணி நேரம் ஓடும், அதற்குப்பின் வேறு யாரையும் கூப்பிட முடியாது.

பத்துப் பேருக்கும் சொல்லிவிட்டேன். பதினோராவது பெயருக்கு டிக் போட்டேன். எண் மேல் விரல் இருந்தது. அழுத்தவில்லை.

என்ன பேசுவது? முதலில் மன்னிப்பா, முதலில் நேரமா? சாப்பிட்டுவிட்டுப் பேசலாம். ரசம் கொதிக்கிறது.

பின்குறிப்பு, பத்து மணி. இன்னும் பேசவில்லை. நாளை.

செப்டம்பர் 13, சனி

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் எழுதவில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

வீட்டுக்காரர் கேட்டார், "ஜமீலாக்காவுக்குச் சொல்லிட்டியா?" பாத்திரம் கழுவும் சத்தத்தில் கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

பெரியவர் பக்கத்து ஆட்கள் சொல்லாமலா இருப்பார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு ஓட்டும் வேண்டுமே. அக்காவின் மகள் நஸ்ரின் மின்னஞ்சல் பார்க்கும் பெண், அவளுக்கு எப்படியும் தெரிந்திருக்கும். இப்படியே நாலு காரணம். நாலும் சரியாகத்தான் தெரிகிறது.

இதை இங்கேயாவது நேராக எழுத வேண்டும். எங்கள் கணக்குப்படி போட்டி நெருக்கம். பெரியவருக்கு ஒரு ஓட்டுக் குறைந்தால் நல்லது என்று தோன்றியது. ஒரு நிமிடம்தான். தோன்றியது.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலை இருட்டிக்கொண்டு வந்தது, பெய்யவில்லை. மாநாடு.

மண்டபத்தில் இரண்டு கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நடைபாதை. கல்யாணத்தில் மாப்பிள்ளை வீடு, பெண் வீடு மாதிரி. பதினேழு வருடம் ஒன்றாக நாற்காலி அடுக்கியவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் செல்போனைப் பார்த்தார்கள். நான் வாசலைப் பார்த்தேன். அக்கா வரவில்லை.

பெரியவர் பக்கத்து அம்மா ஒருவர்: "ஜமீலா எங்க? நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் வருவீங்கன்னு நாங்க யாரும் கூப்பிடல."

"வருவாங்க" என்றேன்.

பன்னிரண்டுக்கு முடிவு. சின்னவர் வென்றார். முப்பத்தொரு ஓட்டு வித்தியாசம். நெருக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு ஓட்டால் எதுவும் மாறியிருக்காது. எங்கள் பக்கம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

ஒன்றரைக்கு நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தோம். அக்கா வந்தார். நல்ல சேலை, கட்சி பேட்ஜ், இரண்டு கையிலும் பை. கறிபஃப். எந்த மாநாட்டுக்கும் அவர்தான் செய்துகொண்டு வருவார். காலையெல்லாம் நின்று பொரித்திருப்பார். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான், பை கனத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"என்னா, ஆளே காணோம்? நான்தான் முதல் ஆளா?"

யாரோ சொன்னார்கள். அக்கா கடிகாரத்தைப் பார்த்தார், காலி நாற்காலிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் நாற்காலியைப் பார்த்தேன்.

"ஓ" என்றார். "சரி. சூடு ஆறதுக்குள்ள சாப்பிடுங்க."

நான் ஒன்று எடுத்துக்கொண்டேன். எடுக்காவிட்டால் தெரிந்துவிடும் என்று பயம்.

செப்டம்பர் 17, புதன்

மதியம் இடி மழை. கிளினிக் வாசலில் தண்ணீர்.

லிம் கூப்பிட்டார். பெரியவர் பக்கம் புகார் எழுதத் தயாரானார்களாம். வேண்டுமென்றே சிலருக்கு நேரம் சொல்லவில்லை, அதில் ஜமீலா ஒருவர் என்று. கையெழுத்து வாங்க அக்காவிடமே போயிருக்கிறார்கள்.

அக்கா கேட்டது ஒன்றுதான், "மல்லிகாவோட லிஸ்ட்டக் காட்டுங்க." மாநாட்டன்று நான் திருப்பிக் கொடுத்த பட்டியலை லிம் காட்டியிருக்கிறார். அக்கா தன் பெயரையும் டிக்கையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாராம்.

"மல்லி டிக் போட்டா பேசியிருப்பா. பதினேழு வருஷமா பாக்குறேன். நான்தான் மறந்துட்டேன்."

லிம்முக்கு ஒரே நிம்மதி. "உங்கள் பட்டியல் நம்மைக் காப்பாற்றியது" என்று நன்றி சொன்னார். நான் "பரவாயில்லை" என்றேன்.

பரவாயில்லையாம்.

செப்டம்பர் 20, சனி

நஸ்ரின் போன். குரல் தாழ்ந்திருந்தது, பக்கத்து அறையில் அம்மா.

"ஆன்ட்டி, அம்மாகிட்ட ஏதாச்சும் difference தெரியுதா? நீங்க பேசினதே ஞாபகம் இல்லேங்கறாங்க. நாலு நாளா தூங்கல. அடுப்ப ஆஃப் பண்ணிட்டேனான்னு மூணு தடவ எழுந்து பாக்குறாங்க. பாட்டிம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுதாம்."

புதன்கிழமை பாலிகிளினிக்கில் ஞாபகப் பரிசோதனை. அவளுக்கு லீவு கிடைக்கவில்லை.

"உங்களத்தான் கூட வரச் சொல்றாங்க. நீங்கதான் எல்லாம் கரெக்டா சொல்லுவீங்களாம்."

வருகிறேன் என்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது என்று எழுத ஆசை. வரவில்லை.

ஒரு விரலை அழுத்தாமல் விட்டதற்கு ஒருத்தி தன் தலையையே சந்தேகப்படுகிறாள். என்ன பெண் நான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

வெயில். வீட்டுச் சந்திப்பு, பொங்கோலில். என்னுடன் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். நல்ல பெண். கீழ்மாடியிலிருந்து ஏற ஆரம்பித்தாள். நானும் சொல்லாமல் ஏறினேன்.

மூன்றாம் மாடியில் ஒரு மலாய் அம்மா கதவைத் திறந்ததும் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "இன்னொருத்தங்க எங்க?" என்று கேட்டார். உடம்பு சரியில்லை என்றேன். இன்னொரு பொய்.

சின்னவர் வாட்சப் குழுவில் நன்றிச் செய்தி போட்டிருந்தார், கிளை கிளையாகப் பெயர் சொல்லி. என் பெயரை மாலிகா என்று எழுதியிருக்கிறார். கோபம் வரவில்லை. அக்கா இருந்தால் சிரித்திருப்பார்.

செப்டம்பர் 24, புதன்

லேசான தூறல். கிளினிக்குக்கு அரைநாள் லீவு. உட்லண்ட்ஸ் பாலிகிளினிக்குக்கு ஒன்பதரைக்கே போய்விட்டேன்.

அக்கா இளைத்திருந்தார். கையில் ஒரு துண்டுக் காகிதம். நஸ்ரின் எழுதிக் கொடுத்ததாம், என்னென்ன கேட்பார்கள் என்று. வரிசையில் உட்கார்ந்து பள்ளிப் பிள்ளை மாதிரி முணுமுணுத்தார். "இன்னிக்கு புதன். செப்டம்பர் இருபத்தி நாலு." பிறகு நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தார். எழுபத்தொன்பதில் தடுக்கி, என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை ஈரம்.

"மல்லி, அன்னிக்கு நான் போன்ல என்னா பேசினேன்? சண்ட போட்டேனா? அதையாச்சும் சொல்லு."

சொன்னேன். "நான் போன் பண்ணலக்கா."

"ம்?"

"டிக் மட்டும் போட்டேன். கூப்பிடல. மறக்கல, வேணும்னுதான். நீங்க எதையும் மறக்கலக்கா."

கையை எடுக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. என் கைமேல் அப்படியே வைத்துக்கொண்டு எண்கள் மாறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். இரண்டு முறை. எதிரில் ஒரு குழந்தை பிஸ்கட்டைக் கீழே போட்டு அழுதது. அக்காவின் எண் வந்தது.

நானும் எழுந்தேன். "நீ இங்கயே இரு" என்றார்.

இருபத்தைந்து நிமிடம்.

வெளியே வந்தார். "கடிகாரம் வரையச் சொன்னாங்க, வரைஞ்சேன். அஞ்சு வார்த்த சொன்னாங்க, அஞ்சையும் திருப்பிச் சொல்லிட்டேன். ஒண்ணும் இல்லியாம்."

"அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்கக்கா" என்றேன். நான் யார் அதைச் சொல்ல.

பேருந்து நிறுத்தம் வரை நடந்தோம். தூறலில் என் குடைக்குள் வரவில்லை, தள்ளியும் போகவில்லை. பேருந்து வந்தது. பயண அட்டையைத் தட்டுவதற்கு முன் திரும்பினார்.

"மறதியாவே இருந்திருக்கலாம், மல்லி."

கதவு மூடியது.

லிம்முக்கு உண்மையை எழுதி அனுப்பிவிட்டேன். பட்டியலையும் இனி வேறு யாரிடமாவது கொடுக்கச் சொல்லி. பதில் இல்லை.

வரும் ஞாயிறு வீட்டுச் சந்திப்புக்கு ஜோடிப் படிவம் இன்றைக்குள் போக வேண்டும். என் பெயர் எழுதியாயிற்று. பக்கத்துக் கட்டம் இன்னும் காலி.